புருவம் இறங்கியதா, இமை இறங்கியதா?

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லி வாங்கிக்கொண்டு ஊருக்குத் திரும்பும்போது, தூரத்தில் வரும் பஸ்ஸின் போர்டைப் படிக்க என் பெரியம்மா முகத்தை அண்ணாந்து பார்ப்பார். இரண்டு புருவமும் மேலேறும், நெற்றியில் நாலு கோடு விழும். அப்படியும் தெரியாவிட்டால் ஆள்காட்டி விரலால் புருவத்தின் வால் பக்கத்தைத் தூக்கிப் பிடித்துக்கொள்வார். சாயங்காலம் நெற்றி வலிக்கிறதென்று தைலம் தேய்ப்பார். "புருவத்தத் தூக்கி வைக்க ஆபரேஷன் இருக்காமே, போன்ல பார்த்தேன். பண்ணிக்கிடலாமாப்பா?" என்று போன மாதம் கேட்டார்.

அவருக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

புருவத்தை மேலே இழுக்க இருப்பது நெற்றித் தசை ஒன்றுதான். கீழே இழுக்கவோ பல தசைகள் உண்டு: முகம் சுளிக்கும்போது நடுவில் செங்குத்துக் கோடு போடுகிற தசை, மூக்கின் வேரில் இருக்கும் தசை, கண்ணைச் சுற்றி வளையமாக ஓடும் தசை. போதாக்குறைக்கு, நெற்றித் தசை புருவத்தின் வால் வரை போய்ச் சேர்வதில்லை. வயதாகித் தோல் தளரும்போது வால் பக்கம் முதலில் சரிவது இதனால்தான்.

ஆனால் கண் சிறுத்துத் தெரிவதற்குப் புருவம் மட்டும் காரணமாக இருக்காது. மேல் இமையின் தோல் தொங்கலாம். இமையைத் தூக்கும் உள்தசை தளரலாம். கண்ணாடியில் மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும். இதில் நெற்றித் தசை செய்யும் வேலை ஒன்றும் இருக்கிறது. இமை இறங்கினால், நமக்கே தெரியாமல் நாள் முழுக்கப் புருவத்தைத் தூக்கிப் பிடித்து அது ஈடுகட்டுகிறது. பெரியம்மாவின் நெற்றிக் கோடும் வலியும் அந்த உழைப்பின் அடையாளம். இதைக் கவனிக்காமல் இமைத் தோலை மட்டும் வெட்டினால், 'இனி எனக்கு வேலையில்லை' என்று நெற்றித் தசை ஓய்ந்துவிடும்; புருவம் கீழே வந்து உட்கார்ந்துவிடும். உள்தசை தளர்ந்தவருக்குப் புருவத்தை ஏற்றினாலும் இமை தானாக மேலே வராது.

அதனால் நல்ல டாக்டர் கத்தியை எடுக்கும் முன் அளவெடுப்பார். கண்ணை மூடி நெற்றியைத் தளர்த்தச் சொல்வார்; புருவத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு கண்ணைத் திறக்கச் சொல்வார். டார்ச் அடித்து, கருவிழியில் தெரியும் ஒளிப்புள்ளிக்கும் மேல் இமை விளிம்புக்கும் இடையே எத்தனை மில்லிமீட்டர் என்று பார்ப்பார். 4 முதல் 5 வரை இருப்பது இயல்பு. கண் காய்கிறதா என்றும் சோதிப்பார். வறண்ட கண்ணில் இமை சரியாக மூடாமல் போனால் பெரும் தொல்லை.

புருவமேதான் காரணம் என்றால் வழிகள் பல. பழைய முறையில் முடிக்குள் காதிலிருந்து காது வரை கீறுவார்கள். 1990-களில் வந்த எண்டோஸ்கோப் (மெல்லிய குழாய்க் கேமரா) முறையில், முடிக்குள் மூன்று முதல் ஐந்து சிறு கீறல் போட்டு, தோலடித் திசுவை எலும்பிலிருந்து விடுவித்து, மேலே நகர்த்திப் பொருத்துகிறார்கள். புருவத்துக்கு நேர்மேலே தோலை வெட்டி எடுக்கும் முறையில் தழும்பு தெரியலாம். ஆனால் முகவாதத்தில் ஒரு பக்கப் புருவம் விழுந்தவர்களுக்கு அது நன்றாக உதவும். ஆண்களின் புருவம் எலும்பு விளிம்பை ஒட்டி நேராக இருப்பது இயல்பு. அளவுக்கு மீறி ஏற்றினால் முகமே மாறிப்போகும். போடாக்ஸ் ஊசி கீழிழுக்கும் தசைகளைத் தளர்த்திச் சற்றே ஏற்றும். மூன்று நான்கு மாதம் நிற்கும்.

ஆபரேஷனுக்குப் பிறகு வீக்கமும் ரத்தக்கட்டும் ஒன்றிரண்டு வாரத்தில் வடியும். உச்சந்தலை மரத்துப்போவதைத்தான் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. நெற்றி வழியே மேலேறும் உணர்வு நரம்புகள் இழுபடுவதால் அது மாதக்கணக்கில் நீடிக்கலாம். நரம்பு மீளும்போது அரிக்கும். மரத்த தலையில் வெந்நீர் ஊற்றினால் சுடுவது தெரியாது, கவனம். கீறல் ஓரம் முடி கொட்டலாம், இரு பக்கமும் ஒரே உயரத்தில் அமையாமல் போகலாம். அரிதாக, புருவத்தை அசைக்கும் நரம்பே பழுதாகலாம்.

ஆஸ்பிரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். பீடி, சிகரெட் தோலுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துப் புண் ஆறவிடாது. அழகு நிலையப் பலகையை நம்பிப் போகாதீர்கள். 1976-ல் 11 படுக்கைகளோடு மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில் இமைக்கென்றே தனிப் பிரிவு உண்டு. அரசு ராஜாஜி மருத்துவமனையில் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு இருக்கிறது.

திடீரென ஒரு இமை விழுந்தாலோ, கூடவே பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, வாய் கோணினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். காலையில் சரியாக இருந்து சாயங்காலம் இமை தொங்கினால், நரம்பும் தசையும் சேருமிடத்தில் வரும் நோயாக இருக்கலாம். அதற்கு முதல் வழி மருந்துதான். பெரியம்மாவிடமும் டாக்டர் இதைத்தான் முதலில் கேட்டார். இல்லை, காலையிலும் அப்படியேதான்.

புருவத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் திறக்கச் சொன்னபோது இமை பாதியில் நின்றுவிட்டது. உள்தசை தளர்ந்திருந்தது. அதை இறுக்கித் தைத்துவிட்டு, நெற்றி ஓய்ந்தபின் புருவம் எங்கே நிற்கிறதென்று பார்க்கலாம் என்றார். மரத்துப்போக ஊசி போட்டு, விழித்திருக்கும்போதே செய்வார்களாம். நடுவில் கண்ணைத் திறக்கச் சொல்லி உயரத்தைச் சரிபார்ப்பார்களாம்.

பெரியம்மா கேட்டது ஒன்றே ஒன்று: "எத்தன நாளைக்குக் குனிஞ்சு பூக்கட்டக் கூடாது?" வீக்கம் வடியும் வரை என்றதும் விரல் விட்டு எண்ணினார். மார்கழியில் முகூர்த்தம் இல்லை, மல்லி வரத்தும் குறைவு. அப்போது வைத்துக்கொள்ளலாம் என்று தேதி கேட்டு வந்திருக்கிறார்.