சின்ன ரிமோட்டின் பின்மூடியைத் திருப்பிப் பாருங்கள்

"தீர்ந்துபோன பேட்டரிதான் டாக்டர், ஒன்றும் ஆகாதில்லையா?"

இந்த வாரமும் இதைக் கேட்டேன். குழந்தைகள் அறுவை சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிறவளுக்கு இதைவிடக் கவலை தரும் கேள்வி அதிகம் இல்லை. கேட்கிறவர் குரலில் ஒரு சின்ன ஆறுதல் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த ஆறுதலை நம்பித்தான் வீட்டில் அரை நாள் போயிருக்கும். காலையில் விழுங்கியிருக்கலாம், நன்றாகத்தான் விளையாடினான், மத்தியானம் சாப்பாட்டைத் துப்பினான், சாயங்காலம் எச்சில் ஒழுகியது, அதனால் வந்தோம் என்பார்கள். அதற்குள் உணவுக்குழாயின் உள்சுவர் கருகியிருக்கும்.

நான் சொல்வது பட்டன் பேட்டரியை. காசு மாதிரித் தட்டையாக, பளபளவென்று இருக்குமே, அது. இவற்றில் ரொம்ப மோசமானது 20 மில்லிமீட்டர் அகலமுள்ள லித்தியம் வகை. மேலே சிஆர் 2032 என்று அச்சிட்டிருக்கும்: 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். ஒரு வயது, இரண்டு வயதுக் குழந்தையின் உணவுக்குழாயில் குறுக்கே சிக்கி நிற்பதற்கு இந்த அகலம் போதும். கைக்கடிகாரத்திலும் காது கேட்கும் கருவியிலும் இருக்கிற சிறியவை பெரும்பாலும் வயிற்றுக்குள் இறங்கிவிடும். பெரும்பாலும்தான், எப்போதும் இல்லை. மூக்குக்குள்ளோ காதுக்குள்ளோ போனால் அவையும் அரித்துத் தள்ளிவிடும்.

சரி, அந்தத் தீர்ந்த பேட்டரிக்கு வருகிறேன். பேட்டரி உடைந்து உள்ளே இருக்கும் ரசாயனம் கசிந்தால்தான் புண்ணாகும் என்று பலரும் நினைக்கிறார்கள். அதனால்தான் "முழுசாகத்தான் இருந்தது", "அதில் சார்ஜே கிடையாது" என்று தங்களைத் தாங்களே தேற்றிக்கொள்கிறார்கள். இங்கே கசிவு பெரிய விஷயமே இல்லை. உணவுக்குழாய் ஈரமானது. பேட்டரி அங்கே சிக்கியதும் அதன் இரண்டு முனைகளையும் ஈரமான சதை தொடுகிறது. மின்சுற்று முழுமையாகி மின்சாரம் ஓடுகிறது. பேட்டரியின் மைனஸ் முனைப் பக்கம் சதையில் இருக்கிற நீர் பிரிந்து காரம் உண்டாகிறது. சாக்கடை அடைப்பு எடுக்கப் போடுகிறோமே, அதே வகைக் காரம். அது பேட்டரிக்குள்ளிருந்து வருவதில்லை. குழந்தையின் சதையிலேயே உருவாகி, அந்தச் சதையையே கரைக்கிறது.

இப்போது சொல்லுங்கள், "தீர்ந்துவிட்டது" என்றால் என்ன அர்த்தம்? அந்தக் கருவிக்குப் போதவில்லை என்பது மட்டும்தான். புதிய லித்தியம் பட்டன் பேட்டரி 3 வோல்ட். அது முழுசாக வடிவதற்கு ரொம்ப முன்னாலேயே பல கருவிகள் நின்றுபோகின்றன. நீரைப் பிரித்துக் காரம் உண்டாக்க 1.2 வோல்ட் அளவு இருந்தால் போதும். கருவியை இயக்க வக்கில்லாத பேட்டரியிடம் ஒரு குழந்தையின் உணவுக்குழாயை ஓட்டையாக்கும் மின்சாரம் இன்னும் மிச்சமிருக்கிறது. புதியது இதை இன்னும் வேகமாகச் செய்யும், வித்தியாசம் அவ்வளவுதான். மேஜை இழுப்பறையில் நீங்கள் கழற்றிப் போட்டிருக்கும் அந்தப் பழைய பேட்டரி செத்த பேட்டரி இல்லை. தயவுசெய்து அப்படி நினைக்காதீர்கள்.

சிக்கிய பேட்டரி கடுமையாகப் புண்ணாக்க 2 மணி நேரம் போதும். "காசு விழுங்கினால் தானாக வந்துவிடுமே, இதுவும் வந்துவிடாதா" என்று காத்திருக்கும் பேச்சுக்கே இங்கே இடமில்லை. எக்ஸ்ரேயில் காசும் பேட்டரியும் முதல் பார்வைக்கு ஒரே வட்டமாகத்தான் தெரியும். உற்றுப் பார்த்தால் பேட்டரியின் விளிம்புக்குள் இன்னொரு வளையம் இருக்கும். "காசாக இருக்கும்" என்று வீட்டில் முடிவு கட்டிக்கொண்டு வந்த குழந்தையின் படத்தில் அந்த இரண்டாவது வளையத்தைப் பார்த்தால், அடுத்த சில நிமிடங்களில் நாங்கள் அறுவை அரங்கத்துக்கு ஓடுகிறோம். மயக்க மருந்து கொடுக்க வயிறு காலியாகட்டும் என்றுகூடக் காத்திருக்க மாட்டோம்.

இதெல்லாம் அசட்டையான வீடுகளில்தான் நடக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். என்னிடம் வருகிற வீடுகள் பெரும்பாலும் குழந்தைகளைக் கொண்டாடுகிற வீடுகள். ஒன்றரை வயதுப் பெண் மெல்லிய சின்ன ரிமோட்டைக் காதில் வைத்துக்கொண்டு, தாத்தா போனில் பேசுகிற மாதிரியே ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அறைக்குள் நடப்பாள். வீடே சிரிக்கும், யாராவது ஓடிப்போய் வீடியோ எடுப்பார்கள். அதே நேரம் அண்ணன்காரன் சோபா மெத்தைகளையெல்லாம் இறக்கிக் கோட்டை கட்டிக்கொண்டிருப்பான். அடுப்பில் பால் பொங்கும். குளியலறையிலிருந்து துண்டு கேட்டு ஒரு குரல் வரும். பேசி முடித்ததும் அந்த ரிமோட் அவள் வாய்க்குப் போகும். பல் முளைக்கிற வயதில் எல்லாம் வாய்க்குத்தான் போகும்.

அந்த ரிமோட்டைத் திருப்பிப் பாருங்கள். பின்மூடியின் கொக்கி எப்போதோ உடைந்திருக்கும். செலோடேப் ஒட்டியிருப்பீர்கள். டேப்பின் ஓரம் அழுக்கேறிச் சுருண்டு, உரிக்க வாகாக நிற்கும். சில ரிமோட்டுகளில் மூடி கிடையாது. பக்கவாட்டிலிருந்து இழுக்கிற சின்னத் தட்டுதான். விரல் நகம் போதும், அல்லது ஒருமுறை தரையில் விழுந்தால் போதும், பேட்டரி தனியாக உருண்டுவிடும். குழந்தைகள் விழுங்கும் பேட்டரிகள் எங்கேயோ தரையில் கிடந்தவை என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். அவற்றில் பெரும்பகுதி நேராகக் கருவியிலிருந்தே வருகிறது.

"கண் முன்னால்தான் இருந்தாள்" என்று அம்மாக்கள் அழுவார்கள். நான் நம்புகிறேன். இரண்டு சின்னக் குழந்தைகள் இருக்கிற வீட்டில் யாராலும் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஒரு பேட்டரி வாய்க்குள் போக ஒரு நொடி போதும். பார்த்துக்கொண்டே இருந்தால் காப்பாற்றிவிடலாம் என்கிற நம்பிக்கையை விடுங்கள். குழந்தைகள் சத்தம் போடட்டும், இறைக்கட்டும், கோட்டை கட்டட்டும், அவர்களை அடக்கச் சொல்லி நான் எழுதவில்லை. அவர்கள் கைக்கு எட்டுகிற இடத்தில் இந்த ஒன்று இருக்கக் கூடாது, அவ்வளவுதான் கேட்கிறேன்.

இன்னொன்று, மூத்த குழந்தை. நாலு வயது அண்ணன் பொம்மைக்கு மருந்து கொடுத்து விளையாடுவான். பொம்மைக்குப் பிறகு தம்பிக்கும் கொடுப்பான், அன்பாகத்தான். அறையில் நடந்ததைப் பார்த்த ஒரே ஆள் பல நேரம் அவன்தான். நீங்கள் "யார்டா கொடுத்தது?" என்று கத்திய நொடியில் அவன் வாய் மூடிக்கொள்ளும், எங்களுக்குக் கிடைக்க வேண்டிய தகவலும் போய்விடும். குனிந்து உட்கார்ந்து, குரலை இறக்கி, "பளபளன்னு ஒண்ணு இருந்துச்சே, அது எங்கே போச்சு?" என்று கேளுங்கள். சொல்லிவிடுவான். சொன்னதற்காக அடிக்காதீர்கள்.

யாரும் பார்க்காதபோது எப்படிக் கண்டுபிடிப்பது? இதுதான் கஷ்டம், ஏனென்றால் தனி அடையாளம் எதுவும் இல்லை. எச்சில் ஒழுகும், சாப்பிட மறுக்கும், கெட்டியான உணவைத் துப்பிவிட்டுத் தண்ணீர் மட்டும் குடிக்கும், இருமும், வாந்தி எடுக்கும், மூச்சில் சத்தம் வரும். சளிக்கும் இதெல்லாம் வரும். சில குழந்தைகளுக்கு முதலில் ஒன்றுமே இருக்காது. ஆகவே கணக்கை அறிகுறியிலிருந்து தொடங்காதீர்கள், பேட்டரியிலிருந்து தொடங்குங்கள். ரிமோட் திறந்து கிடக்கிறது, பேட்டரியைக் காணவில்லை என்றால், அது குழந்தைக்குள் இருக்கிறது என்றே எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். வீட்டில் தேட ஒருவர் இருக்கட்டும், குழந்தையோடு மற்றவர் போகட்டும். சோபாவுக்கு அடியில் கிடைத்தது என்று பாதி வழியில் போன் வந்தால் எனக்கு அதைவிட மகிழ்ச்சி இல்லை. வீண் அலைச்சல் என்று எந்த மருத்துவரும் உங்களைத் திட்ட மாட்டார்.

ஒரு மூக்குத் துவாரத்தில் மட்டும் நாற்றத்தோடு சளி ஒழுகினால் பேட்டரி மூக்குக்குள் இருக்கலாம், உடனே காட்டுங்கள். வீட்டிலேயே சொட்டு மருந்து விடாதீர்கள், ஈரம் கூடினால் பேட்டரி சதையை அரிப்பதும் கூடும்.

வாந்தி எடுக்க வைக்காதீர்கள். தொண்டைக்குள் விரல் விடாதீர்கள். வாழைப்பழம் கொடுத்துத் தள்ளிவிடலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள், அது இறங்காது. தேன் பற்றி மட்டும் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதி கேள்விப்பட்டுத் தப்பாகச் செய்கிறார்கள். குழந்தைக்கு ஒரு வயது முடிந்திருந்து, விழுங்கி 12 மணி நேரத்துக்குள் என்றால், விழுங்கவும் முடிகிறது என்றால், போகிற வழியில் 10 நிமிடத்துக்கு ஒருமுறை 2 டீஸ்பூன் தேன் கொடுக்கலாம், 6 முறை வரை. அது பேட்டரியைச் சுற்றிப் பூசிக்கொண்டு அரிப்பைக் கொஞ்சம் தாமதப்படுத்தும். அது சிகிச்சை இல்லை, பேட்டரியை வெளியே எடுப்பதுதான் சிகிச்சை. வீட்டில் தேன் இல்லையென்றால் அதைத் தேடிக் கடைக்குப் போகாதீர்கள். ஒரு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்குத் தேனே கூடாது. தேனைத் தவிர வேறு உணவோ பானமோ கொடுக்க வேண்டாம்.

குழந்தைகளுக்கு எண்டோஸ்கோப்பி, அதாவது வாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பேட்டரியை எடுக்கிற வசதி உள்ள மருத்துவமனைக்கே நேராகப் போங்கள். வாசலில் சொல்லும் முதல் வார்த்தை "பட்டன் பேட்டரி" என்று இருக்கட்டும். "எதையோ விழுங்கிவிட்டான்" என்றால் வரிசையில் உட்கார வைக்கப்படலாம். அதே மாதிரி இன்னொரு பேட்டரி, இல்லையென்றால் அதன் அட்டை, அதுவும் இல்லையென்றால் அந்த ரிமோட்டையே எடுத்து வாருங்கள்.

இன்றைக்கே வீட்டை ஒரு சுற்று சுற்றுங்கள். டிவி ரிமோட் பலவற்றில் உருளை பேட்டரிதான். ஸ்பீக்கர், அலங்கார விளக்கு மாதிரியானவற்றோடு வருகிற சின்ன ரிமோட்டைப் பாருங்கள். கார் சாவி, எடை பார்க்கும் மெஷின், காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர், பேட்டரி மெழுகுவத்தி, திறந்தால் பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை, மின்னும் செருப்பு, பாட்டியின் காது மெஷின். ஸ்க்ரூ போட்டு மூடியிருந்தால் இறுக்குங்கள். ஸ்க்ரூ இல்லாதவை உயரத்துக்குப் போகட்டும், அல்லது வீட்டை விட்டே போகட்டும். டேப் ஒட்டி மூடிய எதுவும் மூடியதாகக் கணக்கில்லை. பழைய பேட்டரியைக் கழற்றிய கையோடு இரண்டு பக்கமும் படும்படி டேப் சுற்றிக் குழந்தை எட்டாத இடத்தில் வையுங்கள். "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று மேஜையில் வைத்த பேட்டரியும் எங்களிடம் வருகிறது. அமெரிக்காவில் 2022இல் இதற்கென்றே சட்டம் கொண்டுவந்தார்கள், ஆஸ்திரேலியாவிலும் அதே ஆண்டு கட்டாய விதிகள் அமலுக்கு வந்தன. பேட்டரிப் பெட்டியைக் குழந்தை திறக்க முடியாதபடி செய்ய வேண்டும் என்பதுதான் சாரம். பொம்மை வாங்கும்போது அந்த ஸ்க்ரூ இருக்கிறதா என்று கவரைப் பிரிப்பதற்கு முன்னாலேயே பாருங்கள்.

சின்னக் காந்த உருண்டைகளும் வீட்டில் வேண்டாம். இரண்டை விழுங்கினால் குடலின் இரண்டு மடிப்புகளுக்கு நடுவே ஒன்றையொன்று இழுத்துப் பிடித்து ஓட்டை போடும். அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

பேட்டரியை எடுத்துவிட்டால் முடிந்தது என்று வீட்டுக்குக் கிளம்புகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உருவான காரம் எடுத்த பிறகும் அரித்துக்கொண்டிருக்கும். மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவே ஓட்டை விழுவது, பக்கத்தில் இருக்கிற பெரிய ரத்தக்குழாய் வரை அரித்துவிடுவது, இவை நாட்கள் கழித்தும் வாரங்கள் கழித்தும் நடக்கின்றன. வாந்தியில் துளி ரத்தம், கறுத்த மலம், தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் இருமல், குரல் கம்முவது என்று எதைப் பார்த்தாலும் அடுத்த பரிசோதனைத் தேதி வரட்டும் என்று இருக்காதீர்கள். அன்றைக்கே வாருங்கள், நடுராத்திரியானாலும் வாருங்கள்.

உறவினர்களிடம் ஒரு வேண்டுகோள். குழந்தையை உள்ளே கொண்டுபோன பிறகு வெளியே நிற்கிற அம்மாவிடம், "நீ என்ன பண்ணிக்கிட்டு இருந்தே?" என்று கேட்காதீர்கள். அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று எனக்குத் தெரியும்: இன்னொரு குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் அவளிடமிருந்து எங்களுக்குத் தேவையானது மூன்றே தகவல்கள். பேட்டரியில் என்ன எண் இருந்தது, எத்தனை மணிக்கு விழுங்கியிருக்கலாம், குழந்தை கடைசியாக எப்போது சாப்பிட்டது. பயந்துபோனவளால் இவற்றைச் சொல்ல முடிவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, இந்த மூன்றையும் கேட்டு எங்களிடம் வந்து சொல்லுங்கள்.