எஃப்பிஐக்குப் போக நினைக்கும் சைபர் பாதுகாப்புக்காரர்களுக்கு

அமெரிக்காவில் ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் நிரல்) தாக்குதலுக்கு ஆளான நிறுவனங்களை மீட்டெடுக்கும் வேலை என்னுடையது. கூட வேலை பார்த்த சிலர் அமெரிக்க மத்திய விசாரணை அமைப்பான எஃப்பிஐயில் சேர்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் பலருக்கும் அந்த ஆசை இருக்கிறது. என்ன சான்றிதழ் படிக்கலாம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நான் முதலில் கேட்பது குடியுரிமையும் வயதும். கிரீன் கார்டு போதாது. ஸ்பெஷல் ஏஜென்ட், அதாவது துப்பாக்கி ஏந்தி விசாரணை நடத்தும் அதிகாரி ஆக 23 வயது நிறைந்திருக்க வேண்டும். முன்னாள் ராணுவத்தினர் போன்ற சிலரைத் தவிர மற்றவர்கள் 37 வயது ஆவதற்குள் பணியில் சேர்ந்துவிட வேண்டும். பட்டமும் வேலை அனுபவமும் அதற்கு அப்புறம்தான்.

அதைவிடப் பெரிய மாற்றம் வேலைக்குள்ளே இருக்கிறது. நிறுவனத்தில் நம் அவசரமெல்லாம் தொழிலை மறுபடி ஓட வைப்பதில்தான். பாதிக்கப்பட்ட கணினியைத் துண்டிப்போம், அழிப்போம், பேக்கப்பிலிருந்து மீட்போம். யார் செய்தார்கள் என்பது பல நேரம் தெரியாமலே போய்விடும். விசாரணையில் அந்தக் கேள்விதான் எல்லாமே. டிஸ்க்கைத் தொடும் முன்பே நகல், நகலுக்கு ஹேஷ் (தரவிலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற ஒரு குறியீடு), யார் கையிலிருந்து யார் கைக்கு எப்போது போனது என்ற பதிவு. 2017 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த சாட்சிய விதி ஒன்றின்படி, ஹேஷ் பொருந்துகிறது என்று தகுதியுள்ளவர் சான்றளித்தால், அந்த நகல் உண்மையானது என்று நிறுவ அவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற வேண்டியதில்லை. பதிவில் ஓட்டை விழுந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் பிடிப்பார்.

நிறுவனத்துக்குச் சொந்தமான கணினியை நாம் வழக்கமாகத் திறந்து பார்த்துவிடுகிறோம். ஏஜென்டுக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது, பெரும்பாலும் நீதிபதியின் வாரண்ட் வேண்டும். 2021 மே மாதம் ரான்சம்வேர் தாக்குதலுக்கு ஆளான கலோனியல் பைப்லைன் என்ற எரிபொருள் குழாய் நிறுவனம், தாக்கியவர்களுக்கு 75 பிட்காயினை மீட்புப் பணமாகக் கட்டியது. அதில் 63.7 பிட்காயின் போய்ச் சேர்ந்த கணக்கின் சாவி (அதைத் திறக்கும் ரகசியக் குறியீடு) எஃப்பிஐ கையில் இருந்தது. சாவி இருந்தும் கலிஃபோர்னியா நீதிமன்றத்தில் வாரண்ட் வாங்கிய பிறகே ஜூன் மாதம் எடுத்தார்கள். இந்தப் பொறுமை இல்லாதவர்களுக்கு அந்த வேலை ஒத்துவராது என்பது என் உறுதியான கருத்து.

பின்னணி விசாரணை ஆழமாக இருக்கும். கடன், வெளிநாட்டுத் தொடர்புகள், போதைப்பொருள் எல்லாம் வரும், பாலிகிராஃப் என்ற பொய் கண்டறியும் சோதனையும் உண்டு. கஞ்சா உங்கள் மாநிலத்தில் சட்டப்படி சரி என்பது இங்கே செல்லாது. படிக்கிற காலத்தில் அனுமதியில்லாமல் ஒரு சர்வருக்குள் நுழைந்து பார்த்திருந்தாலும் மறைக்காதீர்கள். பல நேரம் பழைய செயலைவிட, அதை மறைக்கச் சொல்லும் பொய்தான் ஆளை வெளியே தள்ளுகிறது.

துப்பாக்கி தூக்க விருப்பமில்லையா, வயது தாண்டிவிட்டதா? கணினி விஞ்ஞானி, டிஜிட்டல் தடயவியல் ஆய்வாளர் போன்ற பணிகளுக்கு அந்த 37 வயது வரம்பு இல்லை. நல்ல தொழில்நுட்ப வேலையும் அங்கேதான் அதிகம், ஆனால் பலர் இதை யோசிப்பதே இல்லை. ஏஜென்டாகப் போனால் குவான்டிகோவில் உள்ள எஃப்பிஐ அகாடமியில் பயிற்சிக்குப் பிறகு நாட்டில் எந்த ஊருக்கும் அனுப்பலாம், சைபர் வழக்குகளே கிடைக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை.

கல்லூரியில் இருப்பவர்கள் சைபர்கார்ப்ஸ் உதவித்தொகையைப் பாருங்கள். படிப்புச் செலவை அரசு ஏற்கும், பதிலுக்கு உதவித்தொகை பெற்ற காலத்துக்கு ஈடாக அரசுப் பணி செய்ய வேண்டும். ஏற்கெனவே வேலையில் இருப்பவர்கள் சம்பளம் குறையும் என்பதை வீட்டில் பேசி முடிவெடுங்கள். தேர்வு முடிய ஒரு வருடத்துக்கு மேலும் இழுக்கலாம், அதுவரை இருக்கிற வேலையை விட்டுவிடாதீர்கள்.