பழைய ஆல்பத்தின் அட்டையையும் கவனியுங்கள்

பழைய ஐரோப்பிய புகைப்பட ஆல்பங்களைச் செப்பனிடுவது என் தொழில். என்னிடம் வருபவற்றில் பல, நல்லெண்ணத்தோடு செய்த கைவைத்தியத்தால் கெட்டவை.

1854-இல் பாரிஸில் திஸ்தேரி என்ற புகைப்படக்காரர், ஒரே கண்ணாடித் தகட்டில் பல சிறு படங்களை எடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். சுமார் 10 செ.மீ. உயர அட்டையில் ஒட்டிய அந்தப் படங்களைச் சேர்ப்பது 1860-களில் பெரும் மோகமானது. அவற்றுக்காகவே இந்த ஆல்பங்கள் வந்தன. அழுத்திப் பதித்த தோல் அட்டை, பித்தளைக் கொக்கி, பொன் பூசிய ஓரங்கள் என்று பார்வைக்குக் குடும்ப பைபிள் மாதிரியே இருக்கும். பிறகு பக்கங்களில் வண்ணக் கல்லச்சில் (கல்லில் வரைந்து அச்சிடும் முறை) பூக்கொடிகளும் பறவைகளும் வந்தன. சிலவற்றின் பின்பகுதியில் இசைப்பெட்டி கூட உண்டு.

பக்கங்களின் அழகே அவற்றுக்கு ஆபத்து. ஜன்னல் வெட்டிய இரண்டு தாள்களுக்கு நடுவே படம் செருகப்பட்டிருக்கும்; உள்ளே போகும் வாய் பெரும்பாலும் கீழ் ஓரத்தில் ஒரு சின்னப் பிளவுதான். பின்னால் பெயர் இருக்கிறதா என்று பார்க்க இழுத்தால், நொறுங்கும் நிலையிலுள்ள தாள் பூவேலையோடு கிழியும். நாங்கள் மெல்லிய பாலியெஸ்டர் தாளை இடையில் நுழைத்துப் படத்தை அதன்மேல் சறுக்க விடுவோம். தடுத்தால் விட்டுவிடுவோம். எதையும் எடுக்குமுன் எல்லாப் பக்கங்களையும் வரிசையாகப் படம் பிடித்துவிடுங்கள். யாருக்குப் பக்கத்தில் யாரை வைத்தார்கள் என்பது படத்தின் பின்னால் எழுதிய குறிப்பில் இருக்காது. படங்களைத் தனியாக உருவி விற்கும்போது இந்த வரிசை அழிந்துபோவது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

தோலுக்கு எண்ணெயோ ஷூ பாலிஷோ வேண்டாம். அது தாளுக்குள் இறங்கிக் கறையாகும். செம்பொடியாக உதிரும் தோலைத் துடைக்காமல் அமிலமற்ற தாளில் சுற்றி வையுங்கள்.

அதிகம் கவனிக்க வேண்டியது 1890-களை ஒட்டி வந்த பளபளப்பான ஆல்ப அட்டைகள். வண்ணப் படத்தின் மேல் ஒட்டிய அந்தத் தெளிவான படலம் செல்லுலாய்டு, அதாவது செல்லுலோஸ் நைட்ரேட்டும் கற்பூரமும். சிதையும்போது அது நைட்ரஜன் ஆக்சைடுகளை விடும். ஈரத்தோடு சேர்ந்தால் நைட்ரிக் அமிலம். கொக்கி பச்சை பூக்கும், தாள் மஞ்சளாகி நொறுங்கும், பக்கத்தில் இருக்கும் மற்ற ஆல்பங்களும் பாதிக்கப்படும். எளிதில் தீயும் பற்றும். அதனால் காற்றுப் புகாத தகரப் பெட்டியில் அடைக்காமல், வெயிலும் அடுப்பும் எட்டாத குளிர்ந்த இடத்தில், மற்றவற்றிலிருந்து தள்ளி வையுங்கள். அட்டை பிசுபிசுத்தாலோ, வெடித்தாலோ, காரமான நெடி வந்தாலோ அதற்குமேல் நீங்களே எதுவும் செய்யாமல் பழம்பொருள்களைப் பாதுகாக்கும் ஒரு நிபுணரிடம் காட்டுங்கள்.