பந்தைக் கண் தவறவிடும் இடம்

மட்டை பிடிக்கக் கற்கும் பிள்ளைக்கு முதலில் கிடைக்கும் அறிவுரை, "பந்தைக் கடைசிவரை பார்" என்பதுதான். பேஸ்பாலில் அது நடக்காத காரியம்.

பந்தெறிபவரின் மேட்டுக்கும் மட்டையாளர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கும் இடைவெளி 18.44 மீட்டர். அவர் முன்னால் எட்டி வைத்துக் கையை நீட்டி எறிவதால், பந்து கடக்கும் தூரம் ஏறத்தாழ 17 மீட்டர்தான். மணிக்கு 153 கிலோமீட்டர் வேகத்தில் அது வந்து சேர 0.4 விநாடி போதும். அதில் மட்டையைச் சுழற்றுவதற்கே 0.15 விநாடி போய்விடும். கண் கண்டதை மூளை உணர்ந்து தசைகளுக்கு ஆணையிடவும் நேரம் வேண்டும். எனவே அடிப்பதா விடுவதா என்ற முடிவைப் பந்து பாதி வழியைத் தாண்டும் முன்பே எடுத்தாக வேண்டும்.

1980களில் டெரி பாஹில் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதை அளந்து பார்த்தார். தூண்டில் நூலில் பிளாஸ்டிக் பந்தைக் கோத்து, மோட்டாரால் இழுத்து, எதிரே நின்ற தொழில்முறை ஆட்டக்காரரின் கண்ணசைவைப் பதிவு செய்தார். பந்து ஒன்றே முக்கால் மீட்டர் தொலைவுக்கு வந்தபோது அந்தத் தேர்ந்த கண்ணும் அதைத் தவறவிட்டது. அதற்குப் பிறகு மட்டையை நடத்துவது பார்வை அல்ல, ஊகம்.

அப்படியானால் பயிற்சியாளர் எதைத்தான் கற்றுக்கொடுப்பது? இதற்கு டோனி க்வின்னை விடச் சிறந்த விடை எனக்குத் தெரியவில்லை. 1982 முதல் 2001 வரை சான் டியேகோ பாட்ரெஸ் அணிக்கு ஆடி 3,141 ஹிட் எடுத்தவர். பந்தை அடித்துவிட்டு ஓடி, அவுட் ஆகாமல் முதல் பேஸையாவது (ஓடிச் சேர வேண்டிய தளம்) அடைந்தால் அது ஒரு ஹிட். பத்து வாய்ப்பில் மூன்றை ஹிட் ஆக்கினாலே நல்ல மட்டையாளர் என்று கொண்டாடும் ஆட்டத்தில், அவருடைய வாழ்நாள் சராசரி ஆயிரத்துக்கு 338. ஓய்வுக்குப் பின், தான் படித்த சான் டியேகோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்கே திரும்பி, 2003 பருவம் முதல் 2014இல் இறக்கும்வரை தலைமைப் பயிற்சியாளராக இருந்தார்.

1983இல் அடி சரியாக விழாமல் தவித்தபோது, தன் ஆட்டங்களை வீட்டு வீடியோ ரெக்கார்டரில் பதிந்து வைக்கும்படி மனைவியிடம் கேட்டுக்கொண்டார். அன்று அது புதுமை. அமெரிக்க வீடியோ டேப்பில் விநாடிக்கு 30 படங்கள் ஓடும். ஒரு முழுச் சுழற்சியும் ஐந்தே படங்களுக்குள் முடிந்துவிடும். தோள் சற்று முன்னதாகவே பந்தெறிபவர் பக்கம் திரும்பிவிட்டால் ஆடுபவரின் உடலுக்கே அது தெரியாது. படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் தெரியும். 0.15 விநாடிக்குள் நடக்கும் அசைவை நடுவில் திருத்த மூளைக்கு அவகாசம் கிடையாது. அதனால் திருத்தமெல்லாம் பந்து வருவதற்கு வெகுமுன்பே உடலில் பதிந்திருக்க வேண்டும். இடுப்புயர ரப்பர் குழாயின் மேல் அசையாத பந்தை வைத்துத் திரும்பத் திரும்ப அடிக்கும் பயிற்சி, பார்க்கச் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும். பெரிய ஆட்டக்காரர்களும் அதை விடாததற்குக் காரணம் இதுதான்.

கல்லூரி மாணவர்களின் கையில் இருப்பது பெரும்பாலும் அலுமினிய மட்டை. உள்ளே வெறும் கூடாக இருப்பதால் அதன் சுவர் நெளிந்து மீண்டு பந்தை உந்தித் தள்ளும். பிழையான அடியும் ஓரளவு பிழைத்துப் போகும். 2011இல் வந்த கல்லூரி விதி அந்த உந்தலை மர மட்டையின் அளவுக்கு நெருக்கமாகக் குறைத்துவிட்டது. எனக்கு அது நல்ல விதியாகவே படுகிறது.

இடக்கை ஆட்டக்காரரான க்வின் மிகவும் விரும்பிய இலக்கு, மூன்றாம் பேஸ் காவலருக்கும், இரண்டாம் மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப்புக்கும் இடையே உள்ள சந்து. அந்தப் பக்கம் அடிக்க வேண்டுமானால் பந்தை இன்னும் கொஞ்சம் உள்ளே வர விட வேண்டும். 30 சென்டிமீட்டர் காத்திருந்தால் கூடுதலாகக் கிடைப்பது 7 மில்லிவிநாடி. மட்டை அவ்வளவு முந்தினாலோ பிந்தினாலோ, மைதானத்தின் நடுவே போக வேண்டிய பந்து கோட்டுக்கு வெளியே போய்விடும். அவர் காலத்தின் மிகத் தந்திரமான பந்தெறிபவர் கிரெக் மேடக்ஸ். அவரை க்வின் எதிர்கொண்டது 107 முறை. ஒருமுறைகூட ஸ்ட்ரைக்அவுட் ஆகவில்லை, அதாவது மூன்று ஸ்ட்ரைக் வாங்கி வெளியேறவில்லை.