காலத்தைச் சுமக்கும் சொல்: ஆங்கிலத்தின் கன்டினியுவஸ் டென்ஸ் இயங்கும் விதம்

தில்லியில் ஆர்.கே.புரத்திலோ கரோல்பாகிலோ வளரும் ஒரு தமிழ்க் குழந்தையிடம் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டால், கேட்டவர் யார் என்பதைப் பொறுத்து ‘குளித்துக்கொண்டிருக்கிறார்’ என்றோ, ‘நஹா ரஹே ஹைன்’ என்றோ, ‘ஹி இஸ் பேதிங்’ என்றோ விடை வரும். மூன்றுக்கும் அடிப்படை அமைப்பு ஒன்றுதான். செயலைச் சொல்லும் சொல் மாறாமல் நிற்க, காலத்தைச் சுமக்கும் பொறுப்பை ‘இரு’ என்னும் பொருளுடைய துணைவினை ஏற்கிறது. அதே செய்தியை நேற்று நடந்ததாகச் சொன்னால் ‘இருக்கிறார்’ ‘இருந்தார்’ என்றும், ‘ஹைன்’ ‘தே’ என்றும், ‘இஸ்’ ‘வாஸ்’ என்றும் மாறும். குளித்து, நஹா, பேதிங் ஆகியவை அப்படியே இருக்கும்.

ஆகவே கன்டினியுவஸ் டென்ஸை, அதாவது செயல் நடந்துகொண்டிருப்பதைச் சொல்லும் இந்த வினை வடிவத்தை, அட்டவணை போட்டு மனப்பாடம் செய்ய வைப்பது பிள்ளைகளுக்குத் தேவையற்ற சுமை என்றே கருதுகிறேன். ஒவ்வொரு துணைவினையும் தனக்கு அடுத்து வரும் வினையின் வடிவத்தை முடிவு செய்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் போதும். ‘வில்’லுக்கு அடுத்து வினையின் மூல வடிவம் வரும், ‘ஹேவ்’வுக்கு அடுத்து மூன்றாம் வடிவம் வரும், கன்டினியுவஸ் டென்ஸின் செய்வினை வாக்கியத்தில் ‘பீ’ எந்த உருவில் (ஆம், இஸ், வாஸ், பீன்) இருந்தாலும் அதற்கு அடுத்த வினை ‘இங்’ ஏற்கும். ‘ஷி வில் ஹேவ் பீன் வெயிட்டிங்’ என்ற வாக்கியத்தில், ‘வில்’ காரணமாக ‘ஹேவ்’ மூல வடிவில் நிற்கிறது. ‘ஹேவ்’ காரணமாக ‘பீ’ ‘பீன்’ ஆகிறது. ‘பீன்’ காரணமாக ‘வெயிட்’ ‘வெயிட்டிங்’ ஆகிறது. காலம் வெளிப்படுவது முதல் துணைவினையில் மட்டுமே: ‘ஹேஸ் பீன் வெயிட்டிங்’, ‘ஹேட் பீன் வெயிட்டிங்’. தமிழிலும் ‘காத்துக்கொண்டிருந்திருப்பாள்’ என்று இதைப் போன்ற ஒரு சங்கிலி உண்டு. ஆனால் அதில் காலமும், யார் என்பதும் கடைசிக் கண்ணியில் இருக்கின்றன. ஆங்கிலம் தலையில் வைப்பதைத் தமிழ் வாலில் வைக்கிறது.

‘மேக்’கின் இறுதி எழுத்து ‘மேக்கிங்’கில் விழுவதும், ‘ரன்னிங்’கில் ‘என்’ இரட்டிப்பதும் எழுத்துக்கூட்டல் விதிகள். எழுதிப் பழகினால் கைவந்துவிடும்.

உண்மையான இடறல் வேறிடத்தில் இருக்கிறது. மெட்ரோ நிலைய வாசலில் நண்பருக்காக நிற்பவர், ‘இரண்டு மணி நேரமாகக் காத்துக்கொண்டிருக்கிறேன்’ என்று தமிழில் நிகழ்காலத்திலேயே சொல்கிறார். இந்தியும் ‘தோ கண்டே ஸே இந்தஸார் கர் ரஹா ஹூன்’ என்று நிகழ்காலத்தையே கேட்கிறது. இரண்டு மொழிகளும் ஒரே பக்கம் இழுப்பதால், ‘ஐ ஆம் வெயிட்டிங் சின்ஸ் டூ அவர்ஸ்’ என்பது தில்லித் தமிழர் வாயில் இயல்பாக வந்துவிடுகிறது. முன்பே தொடங்கி இன்னும் முடியாத செயலின் கால அளவைச் சொல்லும்போது, பொது வழக்கு ஆங்கிலம் ‘ஹேவ் பீன்’ வடிவத்தை எதிர்பார்க்கிறது: ‘ஐ ஹேவ் பீன் வெயிட்டிங் ஃபார் டூ அவர்ஸ்’. காலத்தைச் சொல்லும்போது ‘சின்ஸ்’ என்பது ‘சின்ஸ் திஸ் மார்னிங்’ என்பது போலத் தொடங்கிய நேரத்தைக் குறிக்க மட்டுமே வரும்.

நிலையைக் குறிக்கும் வினைகள் பொதுவாக ‘இங்’ ஏற்பதில்லை. ‘தெரியும்’ என்பதைத் ‘தெரிந்துகொண்டிருக்கிறது’ என்று நாம் ஆக்காதது போலவே, ‘ஐ ஆம் நோயிங்’ என்று ஆங்கிலமும் சொல்லாது. இதில் ‘ஹேவ்’ சற்றுக் கவனத்துக்குரியது. உடைமையைச் சொல்லும்போது ‘ஐ ஹேவ் டூ சில்ட்ரன்’ என்பதே சரி; சாப்பிடுவதைச் சொல்லும்போது அது செயலாகிவிடுவதால் ‘ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்’ என்பது முற்றிலும் சரி.