ஹெட்போன் ஆம்பிலிருந்து ஸ்பீக்கருக்கு: கிட்டார் சத்தம் எங்கே தொலைகிறது?

சிங்கப்பூரில் வீவக அடுக்குமாடி வீட்டில் எலெக்ட்ரிக் கிட்டார் பழகுபவர்களுக்கு ஹெட்போன் ஆம்ப் (ஒலியைப் பெருக்கி ஹெட்போனுக்குத் தரும் கருவி) பெரிய நிம்மதி. உள்ளங்கையில் அடங்கும் சின்னப் பெட்டி. கிட்டாரின் ஜாக்கில் நேராகச் செருகி, ஹெட்போனை மாட்டிக்கொண்டால் நள்ளிரவிலும் வாசிக்கலாம், பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டமாட்டார். வாக்ஸ் ஆம்ப்ளக், ஃபெண்டர் மஸ்டாங் மைக்ரோ எல்லாம் இந்த வகைதான். சமூக மன்றத்தில் பொங்கல் விழா என்றோ, புளோக்குக்குக் கீழே நண்பர்கள் கூடுகிறார்கள் என்றோ வரும்போதுதான் "இதையே ஸ்பீக்கரில் போட முடியாதா?" என்ற கேள்வி வருகிறது. முடியும். ஆனால் பலரும் அஞ்சுகிற இடத்தில் சிக்கல் இல்லை, அஞ்சாத இடத்தில் இருக்கிறது.

பலரும் அஞ்சுவது சக்திக் குறைவை. இவ்வளவு சின்னப் பெட்டி அவ்வளவு பெரிய ஸ்பீக்கரை எப்படி ஓட்டும்? நியாயமான சந்தேகம். 32 ஓம் ஹெட்போனுக்கு 20 மில்லிவாட் கொடுக்கும் ஆம்ப் ஒன்றை எடுத்துக்கொள்வோம். காதோடு ஒட்டிய ஹெட்போனுக்கு அதுவே காதைக் கிழிக்கும் அளவு. அதே 20 மில்லிவாட்டை, உள்ளே ஆம்ப் இல்லாத வெறும் 8 ஓம் ஸ்பீக்கருக்குக் கொடுத்தால் பேச்சுக் குரல் அளவுக்குத்தான் ஒலிக்கும். போதாக்குறைக்கு 8 ஓம் கேட்கும் மின்னோட்டத்தைக் கொடுக்க முடியாமல் ஒலியும் சிதையும்.

ஆனால் இன்று வீடுகளில் இருப்பவை பெரும்பாலும் மின்சாரத்திலோ பேட்டரியிலோ ஓடும் பவர்ட் ஸ்பீக்கர்கள். ஆம்ப் அவற்றுக்குள்ளேயே இருக்கிறது. அவற்றின் ஆக்ஸ் நுழைவு (வெளிக் கருவியின் ஒலியை வாங்கும் துளை) நம்மிடம் கேட்பது சக்தியை அல்ல, மின்னழுத்தத்தை மட்டும். 32 ஓமில் 20 மில்லிவாட் என்றால் 0.8 வோல்ட். நுழைவின் மின்தடை 10,000 ஓம் என்று வைத்துக்கொண்டால், அது உறிஞ்சுவது 64 மைக்ரோவாட். ஹெட்போன் கேட்டதில் முந்நூறில் ஒரு பங்குதான்! வீட்டு ஆடியோ கருவிகளின் வழக்கமான அளவு 0.3 வோல்ட்டை ஒட்டியது என்பதால், 0.8 வோல்ட் தாராளம். ஆம்பின் ஒலியளவைப் பாதிக்குச் சற்று மேலே வைத்துவிட்டு, மீதியை ஸ்பீக்கரில் கூட்டிக்கொள்ளுங்கள்.

சரி, அப்படியானால் எங்கே கோளாறு? பிளக்கில்.

3.5 எம்எம் பிளக்கை உற்றுப் பாருங்கள். உலோகத்தில் இரண்டு கறுப்புக் கோடுகள் தெரியும். அவை அதை மூன்றாகப் பிரிக்கின்றன: முனையில் இடது ஒலி, நடு வளையத்தில் வலது ஒலி, அடிப்பகுதி இரண்டுக்கும் பொதுவான கிரவுண்ட், அதாவது மின்னோட்டம் திரும்பும் வழி. கிட்டார் கேபிளின் பெரிய 6.35 எம்எம் பிளக்கில் ஒரே கோடு, இரண்டே பகுதிகள். (அந்தப் பெரிய பிளக், 19ஆம் நூற்றாண்டுத் தொலைபேசி இணைப்பகங்களில் ஆபரேட்டர்கள் அழைப்புகளை மாற்றிவிடப் பயன்படுத்தியது. இன்னும் ஓய்வு கொடுக்கவில்லை.) அடாப்டர் போட்டு ஒற்றைக்கோட்டு பிளக்கை ஹெட்போன் ஜாக்கில் சொருகினால், வலது ஒலி நேராகக் கிரவுண்டில் முட்டுகிறது. அதாவது ஷார்ட். ஆம்புக்குள் இருக்கும் பல சில்லுகளுக்குத் தற்காப்பு உண்டு என்றாலும், அதை நம்பி இறங்காதீர்கள்.

இதைவிட வேடிக்கையானது அடுத்தது. விழா மேடைகளில் வைக்கும் பெரிய ஸ்பீக்கர்களின் நுழைவு பார்க்க ஸ்டீரியோ போலவே மூன்று தொடர்புகளோடு இருக்கும். ஆனால் அது பேலன்ஸ்டு நுழைவு. முனைக்கும் வளையத்துக்கும் இடையே உள்ள வித்தியாசத்தை மட்டுமே அது பெருக்கும். நீண்ட கேபிளில் இரண்டு கம்பிகளிலும் ஒரே மாதிரி ஏறும் இரைச்சல் கழிந்து போகட்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. இப்போது ஹெட்போன் ஆம்பிலிருந்து இடது, வலது இரண்டிலும் அச்சு அசலாக ஒரே கிட்டார் ஒலி வருகிறது. ஸ்பீக்கர் அதையும் இரைச்சல் என்றே எண்ணிக் கழித்துவிடுகிறது. ரிவெர்ப் (ஆம்ப் சேர்க்கும் எதிரொலி) ஸ்டீரியோவாக இருந்தால் அதில் மட்டும் இரண்டு பக்கமும் வேறுபாடு உண்டு, அதனால் அது தப்பிக்கும். கிட்டார் மறைந்து, கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல எதிரொலி மட்டும் கேட்கும். பாவம், வாசிப்பவர் தந்தியின் அதிர்வை மின்குறியாக மாற்றும் பிக்கப்பைச் சந்தேகிப்பார்.

தீர்வு மலிவு. ஒரு முனையில் 3.5 எம்எம் ஸ்டீரியோ, மறுமுனையில் இரண்டு 6.35 எம்எம் மோனோ உள்ள ஒய் கேபிள். இடதை மட்டும் ஸ்பீக்கரில் செருகுங்கள், வலது சும்மா தொங்கட்டும், ஆனால் எதையும் தொடாமல். தேக்காவிலிருந்து நடக்கும் தொலைவில் உள்ள சிம் லிம் டவரில் இத்தகைய கேபிள்கள் கிடைக்கும். வீட்டு ஸ்பீக்கரில் ஆக்ஸ் துளை இருந்தால் இந்த வம்பே வேண்டாம். இரு முனையும் 3.5 எம்எம் ஸ்டீரியோ கேபிள் போதும்.

புளூடூத்தில் அனுப்பலாமே என்பார்கள். முதலில், இந்த ஆம்புகள் பலவற்றில் புளூடூத் இருப்பது கைப்பேசியிலிருந்து பாட்டை வாங்கத்தான், வெளியே அனுப்ப அல்ல. அனுப்பும் கருவியைத் தனியாகப் பொருத்தினாலும் சாதாரண புளூடூத் ஒலி 0.2 நொடி அளவுக்குப் பிந்தும். அந்த நேரத்தில் காற்றில் ஒலி ஏறத்தாழ 68 மீட்டர் போய்விடும். அதாவது, உங்கள் ஸ்பீக்கர் அடுத்த புளோக்கில் இருப்பதற்குச் சமம். பாட்டுக் கேட்க அது பரவாயில்லை, தாளத்தோடு வாசிக்க உதவாது.

எந்த ஸ்பீக்கர் என்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. கிட்டார் ஆம்பின் 12 அங்குல ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலான கீச்சொலிகளைத் தானே வடிகட்டிவிடும். ஹெட்போன் ஆம்ப் அந்த வடிகட்டலை ஏற்கெனவே போலியாகச் செய்து அனுப்புகிறது. அதையே பெரிய கிட்டார் ஆம்பின் முன்பக்க நுழைவில் கொடுத்தால் இரண்டு முறை வடிகட்டி, மங்கிய ஒலியாகிவிடும். பாட்டுக் கேட்கும் சாதாரண ஸ்பீக்கரே இதற்குப் பொருத்தம்.

சார்ஜில் போட்டபடி வாசிக்கும்போது 'ம்ம்ம்' என்று இரைந்தால், சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலும் 50 ஹெர்ட்ஸ் வீட்டு மின்சாரமும் ஸ்பீக்கரின் கிரவுண்டும் சேர்ந்து செய்யும் வேலை அது. அப்புறம், ஸ்பீக்கரைத் தரையில் வைக்காதீர்கள். கிட்டாரின் தடித்த தந்தி 82 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அந்த அதிர்வு கான்கிரீட் வழியாக நேரே கீழ்வீட்டுக் கூரைக்கு இறங்கும். ஒரு முக்காலியும் கனமான ரப்பர் விரிப்பும் போட்டு, பேஸை (தாழ்ந்த ஒலியை) கொஞ்சம் குறைத்தாலே வித்தியாசம் தெரியும்.