ராத்திரியிலும் தளம் ஏன் கொதிக்கிறது?

மே மாதம் சென்னையில் மொட்டை மாடிக்கு நேர் கீழே குடியிருப்பவர்களிடம் பேசிப் பாருங்கள். மத்தியான வெயிலைக்கூட எப்படியோ சமாளித்துவிடலாம், ராத்திரி பத்து மணிக்கு ஃபேனைப் போட்டால் அனலாகக் கொட்டுகிறதே, அதுதான் உயிரை எடுக்கிறது என்பார்கள். சூரியன் போய் மூணு மணி நேரத்துக்கு மேல் ஆகியும் அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது?

தளத்திலிருந்துதான். கான்கிரீட் வெப்பத்தை நிறைய வாங்கிக்கொள்ளும், மெதுவாகத்தான் விடும். பகலெல்லாம் மேல்பக்கம் ஏறிய சூடு அஞ்சாறு அங்குலக் கனத்தைத் தாண்டி சீலிங்குக்கு வந்து சேரச் சில மணி நேரம் பிடிக்கிறது. அதனால் வெளியே காற்று கொஞ்சம் தணிகிற நேரத்தில்தான் உள்ளே சீலிங் நன்றாகச் சூடேறி நிற்கிறது, ஃபேன் அதை ஒட்டியிருக்கும் காற்றைக் கீழே தள்ளுகிறது.

ஊர் முழுக்க நடப்பதும் இதுதான். தார் ரோடும் சுவர்களும் பகலில் வாங்கிய வெப்பத்தை இரவில் வானத்தை நோக்கிக் கதிர்வீச்சாக விட்டாக வேண்டும். வயல்வெளிக்கு வானம் முழுசாகத் திறந்திருக்கிறது. தி.நகர் சந்து ஒன்றில் நின்று அண்ணாந்து பார்த்தால் ஒரு கீற்று வானம்தான் தெரியும். ஒரு சுவர் விடுகிற சூட்டை எதிர்ச்சுவர் வாங்கிக்கொள்கிறது. நகரத்துக்கும் சுற்றுப்புறத்துக்கும் இரவில்தான் வித்தியாசம் அதிகம் என்பதை லண்டனின் வெப்பநிலையை அளந்து பார்த்த ஆங்கிலேய வானிலை ஆய்வாளர் லூக் ஹோவர்ட் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுதிவிட்டார். பகல் வெயிலில் வாடிய உடம்பு தேறுவதற்கு இருக்கிற நேரமும் அந்த இரவுதான் என்பதால் எனக்கு இது வெறும் தெர்மாமீட்டர் விஷயமாகத் தெரியவில்லை.

அப்புறம் தண்ணீர். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 0.67 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் தேவை. மரத்தின் இலைகளும் ஈர மண்ணும் பள்ளிக்கரணை மாதிரி சதுப்பு நிலமும் அந்த வெப்பத்தைக் காற்றிலிருந்தும் வெயிலிலிருந்தும் எடுத்துக்கொள்கின்றன. மரத்தை வெட்டி, மண்ணுக்கு சிமெண்ட் போட்டு மூடினால் அந்த வேலை நின்றுபோகிறது. பதிலுக்கு ஏசி வைத்தால், அறையிலிருந்து எடுத்த வெப்பமும் அது இழுத்த மின்சாரமும் சேர்ந்து அவுட்டோர் யூனிட் வழியாக, ஏசி இல்லாதவர் ஜன்னலுக்கு முன்னால் வந்து விழுகின்றன.

மரம் வளர வருஷங்கள் ஆகும், நடத்தான் வேண்டும். ஆனால் இந்தக் கோடைக்கே கைகொடுப்பது கூரையில் வெள்ளை அடிப்பது. பழைய, அழுக்கேறிய கான்கிரீட் வெயிலில் கால்வாசியைத்தான் திருப்பி அனுப்பும். புது வெள்ளைப் பூச்சு முக்கால்வாசிக்கு மேல் அனுப்பிவிடும், தளத்துக்குள் சூடு இறங்கினால்தானே ராத்திரி வெளியே வர! கூலிங் டைல்ஸ், கூல் ரூஃப் பெயின்ட் எல்லாம் செய்வது இதைத்தான், பசை கலந்த சுண்ணாம்பு இரண்டு கோட் அடித்தாலும் நடக்கும். தூசி படிந்தால் பலன் குறையும், அவ்வப்போது கழுவிவிட வேண்டும், சுண்ணாம்பு என்றால் அடுத்த கோடைக்கு முன் மறுபடி அடிக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஷீட் போட்ட வீடுகளுக்கு இது இன்னும் அவசரம். ஷீட்டுக்குக் கனமே இல்லை, வெயில் ஏறிய உடனே சூடு தலையில் இறங்கிவிடும். 2010 மே மாத வெப்ப அலையில் அகமதாபாத்தில் வழக்கத்தைவிட ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடுதலாக இறந்தார்கள். 2013இல் அங்கே வெப்பச் செயல்திட்டம் வந்தது, பிறகு எளிய மக்களின் கூரைகளுக்கு வெள்ளை அடிக்கும் வேலையும் அதோடு சேர்ந்தது. இங்கே பெரும்பாலும் மேல்மாடியில் வாடகைக்கு இருப்பவர் வேகிறார், தளத்தில் கைவைக்கும் உரிமை கீழே இருக்கும் வீட்டுக்காரரிடம் இருக்கிறது. வீட்டுக்காரர்களே, மார்ச் முடிவதற்குள் அடித்துவிடுங்கள்.